துண்டுக்குள் என் விரல்கள்

போன செவ்வாய்க்கிழமை, வேதம் வாசித்து ஜெபிக்க நம் தெருக்காரர்கள் கூடுகிற அன்பியக் கூட்டத்தில் ஏமாந்த கதையாகவே பேசினோம். ஒருத்தி தராசில் ஏமாந்ததைச் சொன்னாள். ஒருத்தி செல்போனில் சேலை வாங்கி ஏமாந்ததைச் சொன்னாள். கள்ளத் தராசைப் பற்றி வேதத்தில் வாசித்த நாளில் அப்படித்தான் பேச வரும். அந்த ஒரு மணி நேரத்துக்கு விற்கிறவர்கள் எல்லோரும் திருடர்கள், வாங்குகிற நாமெல்லாம் வானத்துச் சம்மனசுகள். நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கு என்ன ஊமையாகிவிட்டீர்கள் என்று கேட்டீர்கள்.

வாங்கப் போன இடத்தில் ஏமாற்றியவள் கதை ஒன்று என்னிடம் இருக்கிறது. ஏமாற்றியவள் நான்தான். வாயால் சொன்னால் பாதியில் நீங்கள் புகுந்து பேசுவீர்கள், அதனால் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக் கூட்டித்தான் எழுதவேண்டும். நீங்களும் மெதுவாகப் படியுங்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. திண்டுக்கல்லுக்கு வடக்கே ஏழெட்டு மைலில் மானாவாரிக் காடு எங்களுடையது. மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் முள். ஊரில் வேதக்காரர் வீடு பதினொன்று. கோயில் என்று ஒரு ஓட்டு வீடு. மணிக்குப் பதிலாக வேப்ப மரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். சாமியார் மாதத்துக்கு ஒரு நாள் சைக்கிளில் வருவார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் ஜெபம் சொல்லி, வேதம் வாசிப்பார்.

அந்த வருஷம் தை மாதத்தில் அய்யா கிணற்றில் தூர் எடுக்க இறங்கும்போது கயிறு அறுந்து விழுந்தார். இடுப்பில் அடி. கட்டிலோடு கிடந்தார். அம்மா கூலிக்குப் போனாள். விடியுமுன் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வருவாள். அய்யா, அம்மா, நான், தம்பி என்று நாலு வயிற்றுக்கு அந்தக் கூலி போதவில்லை.

மதுரையில் எனக்கு ஒரு அத்தை இருந்தாள். அய்யாவின் சித்தப்பா மகள். அய்யாவைப் பார்க்க வந்தவள், தனக்குத் தெரிந்த ஒரு பெரிய வீட்டில் கைப்பிள்ளை தூக்க ஆள் தேடுகிறார்கள், மூன்று வேளையும் சோறு, வருஷத்துக்கு இரண்டு பாவாடை, இவளை அனுப்பு என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எங்கள் வீட்டுச் சட்டியைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள். அடுத்த வெள்ளிக்கிழமை வந்து கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.

எங்களிடம் ஒரு கட்டை வண்டி இருந்தது. இழுக்க மாடு இல்லை. அம்மா அதை விற்றாள். அந்தப் பணத்தில் ஒரு கறவை மாடு பிடித்தால், ரோட்டோரத்து டீக்கடைக்காரர் இரண்டு வேளைப் பாலையும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அம்மா என்னைக் கூப்பிட்டு இரண்டே பேச்சில் சொன்னாள்.

"வியாழக்கெழமைச் சந்தையில மாடு அமைஞ்சா நீ இங்க இருக்க. அமையலைன்னா மறுநா அத்த கூடப் போற."

எனக்கு மதுரையைப் பற்றி ஒன்றுதான் தெரியும். அங்கே போனால் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தூங்க முடியாது.

அதற்கு முந்தின ஞாயிறு, தவக்காலத்தில் மூன்றாவதோ நாலாவதோ, உபதேசியார் வியாபாரத்தைப் பற்றி வாசித்தார். எடைக்கல்லைப் பற்றி வாசித்தபோது ஜனம் முழுக்க எங்கள் ஊர்ப் பலசரக்குக் கடைக்காரரைத் திரும்பிப் பார்த்தது. அவர் பாவம், கூரையைப் பார்த்தார். பிறகு, மட்டம் மட்டம் என்று சொல்லிச் சாமானை வாங்கிப் போய்ப் பின்னால் பெருமை பேசுகிறவனின் வாயைப் பற்றி வாசித்தார். இப்போது யாரை யார் திரும்பிப் பார்ப்பது என்று தெரியாமல் எல்லோரும் குனிந்துகொண்டோம். அம்மா மட்டும் குனியாமல் கேட்டுக்கொண்டிருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவளுக்கு எழுத்து தெரியாது. காதில் விழுந்ததுதான் அவளுக்கு வேதம். ஒரு தரம் விழுந்தால் அது வெளியே போகாது.

சந்தை திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு புளியந்தோப்பில் கூடும். இருட்டோடு புறப்பட்டு நடந்தோம். தோப்புக்கு ஒரு பர்லாங்கு முன்னாலேயே சாணி வாசமும் வைக்கோல் வாசமும் வந்து மூக்கில் ஏறின. மாட்டின் கொம்பில் பூசிய சிவப்பு வர்ணம், புதுக் கயிற்றின் மொடமொடப்பு, எண்ணெயில் குதிக்கிற வடை. அம்மா எனக்கு ஒரு வடை வாங்கித் தந்து, தனக்கு வேண்டாம் என்றாள்.

அங்கேதான் துண்டு போட்டுப் பேசுவதை முதலில் பார்த்தேன். விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். தரகர் தோள் துண்டை எடுத்துக் கையின் மேல் போட்டுக்கொள்வார். விற்கிறவன் அதற்குள் கையை விட்டுத் தரகரின் விரலைப் பிடிப்பான். ஒரு விரல் என்றால் ஒரு பத்து ரூபாய். மேலே முகங்கள் சும்மா இருக்கும், கீழே கைகள் சண்டை போடும்.

ஒரு ஆள், காதில் கடுக்கன் போட்டவர், வெள்ளைக் காளை ஒன்றை விலை பேசிக்கொண்டிருந்தார். காளை தேர் மாதிரி நின்றது. அவரோ அதன் பல்லைப் பார்த்து முகத்தைச் சுளித்தார், குளம்பைப் பார்த்துச் சுளித்தார். கடைசியில் வாலடியைத் தடவிவிட்டு நெருப்பைத் தொட்டவர்போலக் கையை எடுத்துக்கொண்டார்.

"துடைப்பச் சுழிப்பா. கட்டுன வீட்டையே கூட்டி அள்ளிட்டுப் போயிரும். இத வச்சு நீ எப்புடி இம்புட்டு நாளு பொழச்ச?"

மாட்டின் உடம்பில் மயிர் சுழிந்திருக்கிற இடத்தை வைத்து அதிர்ஷ்டம் பார்ப்பார்கள், உங்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் பார்ப்பதில்லை. காளைக்காரன் பார்க்கிறவன். அவன் முகம் செத்துப்போனது. கொஞ்ச நேரத்தில் கயிறு கை மாறியது. நான் வடைக் கடைக்குத் தண்ணீர் குடிக்கப் போனபோது அதே கடுக்கன்காரர் நாலு பேருக்கு நடுவே நின்று, இந்தச் சந்தையிலேயே இது மாதிரிக் காளை கிடையாது, சுழி என்று சும்மா ஒரு போடு போட்டேன், அரை விலைக்கு விட்டான் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். நாலு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். எனக்கு அவர் பெரிய சூரராகத் தெரிந்தார்.

நாங்கள் பார்த்த மாடு ஒரு செவலை. நெற்றியில் வெள்ளை. இரண்டாம் ஈத்து. பக்கத்தில் ஒரு கிடாரிக் கன்று. விற்க வந்தவள் ஆத்தூர்ப் பக்கத்துப் பெண், அம்மாவைவிடப் பத்து வயது மூத்தவள், புருஷன் இல்லாதவள். மகன் சிறுமலையில் காப்பித் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான், தன்னையும் அங்கே வரச் சொல்லிவிட்டான், மலைக்கு மாட்டை ஏற்ற முடியாது என்றாள். புகையிலை போட்ட வாய். அம்மா மடியைத் தொட்டுக் கறந்து பார்க்கக் குனிந்தபோது, சந்தைச் சத்தத்தில் மாடு மிரளும், நானே கறந்து காட்டுகிறேன் என்று தடுத்தாள். மூட்டையிலிருந்து ஊதாக் கட்டம் போட்ட ஒரு பழஞ்சேலையை எடுத்து மேலே சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். அழுக்குப் படாமல் இருக்க என்று நினைத்தேன். பால் சொம்பில் நுரை கட்டி ஏறியது.

எங்களுக்குக் கிடைத்த தரகர் பேகம்பூர்க்காரர். எல்லோரும் பாய் என்று கூப்பிட்டார்கள். வெள்ளைத் தாடி, அகலப் பச்சை பெல்ட்டு. அம்மாவைத் தனியே அழைத்து, மாட்டைப் பற்றி என்ன குறை சொல்லட்டும் என்று கேட்டார்.

அம்மா, குறை ஒன்றும் தெரியவில்லையே, நல்ல மாடாகத்தானே இருக்கிறது என்றாள்.

"அது எனக்கும் தெரியுது தாயி. நல்லதுன்னு சொன்னா வெல எறங்குமா? காலு வளைவு, மடி சின்னது, எதாச்சும் ஒண்ணச் சொல்லணும்."

"மடி சின்னது இல்லையே பாய்."

"நீ மாடு வாங்க வந்தியா, மாட்டப் பொண்ணு கேட்டு வந்தியா?"

அம்மா சிரித்தாள். ஆனால் சொல்லவில்லை. கையில் இருப்பது இவ்வளவுதான், அதை அப்படியே சொல்லுங்கள், அதற்குக் கொடுத்தால் கொடுக்கட்டும் என்றாள். பாய் தலையில் அடித்துக்கொண்டார்.

அம்மா அந்நிய ஆண்பிள்ளை கையில் விரலைக் கொடுக்க மாட்டாள். அதனால் அவளுக்குப் பதிலாக என் கை துண்டுக்குள் போனது. இத்தனை வயதிலும் அந்த இருட்டு என் கைக்கு ஞாபகம் இருக்கிறது: ஈரத் துணி, பாயின் காய்த்துப்போன உள்ளங்கை, அத்தர் வாசம். ஆத்தூர்க்காரிக்கு வெட்கம் இல்லை. நீ என் அண்ணன் வயசு என்று சொல்லித் தானே கையை விட்டாள். எத்தனை நூறு என்று இப்போது சொன்னால் சிரிப்பீர்கள், அதனால் விரலை மட்டும் சொல்கிறேன். அம்மாவிடம் இருந்த மொத்தத்துக்கும் மேலே அவள் இரண்டு விரல் கேட்டாள். அரை விரல்கூட இறங்கவில்லை. பாய் இருவரையும் கொஞ்சம் ஆறப்போட்டுவிட்டு வேறொரு பேரத்துக்குப் போனார். அம்மா முகம் கழுவக் குழாய்க்குப் போனாள்.

நான் மாட்டின் பின்னால் நின்றேன். இரண்டு விரல். அந்த இரண்டு விரலுக்கு அந்தப் பக்கம் மதுரை. வாலடியைத் தடவினேன். கடுக்கன்காரர் எடுத்த மாதிரியே கையை வெடுக்கென்று எடுத்தேன்.

"பெரியம்மா, இங்கன தொடப்பச் சுழி இருக்கு. எங்கூர்ல இதக் கண்டா யாரும் தொழுவுல ஏத்த மாட்டாக. வீட்டையே கூட்டி அள்ளிரும். எங்கம்மாவுக்குக் கண்ணு மங்கலு, அது இன்னும் பாக்கல."

கண் மங்கல் என்பதை நானாகச் சேர்த்தேன். ஒரு பொய்க்குத் துணையாக இன்னொன்று.

அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். புகையிலையைத் துப்பினாள். "அப்பிடியா சொல்ற" என்று மட்டும் சொன்னாள். முகம் அந்தக் காளைக்காரன் முகம் மாதிரியே ஆனது. எனக்கு உள்ளுக்குள் குதியாட்டம்.

பாய் திரும்பி வந்ததும் அவள் துண்டுக்குள் கையை விட்டாள். பாயின் புருவம் ஏறியது. நாலு விரல் ஒரேயடியாக இறங்கிவிட்டாள். அம்மாவுக்கு மாடும் கிடைத்தது, கையில் இரண்டு விரல் மிச்சமும் நின்றது. அம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். ஜெபம் கேட்கப்பட்டது என்று நினைத்தாள். அந்த முகத்தை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. அய்யா விழுந்த பிறகு அன்றைக்குத்தான் அவள் பல் தெரியச் சிரித்தாள்.

வழி நெடுக அவள் பேசிக்கொண்டே வந்தாள். மிச்சப் பணத்தில் பருத்திக்கொட்டை வாங்கலாம், அய்யா இடுப்புக்கு எண்ணெய் வாங்கலாம், தம்பிக்கு ஒரு டம்ளர் பால் நிறுத்தலாம். அந்த அம்மா எவ்வளவு நல்ல மனசுக்காரி, நம் கஷ்டத்தைச் சொல்லாமலே புரிந்துகொண்டாள் பார் என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. என் கெட்டிக்காரத்தனத்தை எடுத்து யாரோ ஒருத்தி தலையில் வைக்கிறாளே. ஒரு மைல் தாண்டியிருப்போம். பனங்கூட்டம் ஒன்று வந்தது. கன்றுக்குட்டி நிழலில் நின்றது.

"அந்தம்மா மனசும் இல்ல, ஒண்ணும் இல்ல. நாந்தேன் சுழி இருக்குன்னு சொன்னேன். பயந்து வெலய எறக்கிருச்சு."

கடுக்கன்காரர் சிரித்த மாதிரியே சிரித்துக் காட்டினேன்.

அம்மா அடிக்கவில்லை. அடித்திருந்தால் நான் அதை அன்றைக்கே மறந்திருப்பேன். நான் சொன்னதை மறுபடி ஒரு முறை முழுசாகச் சொல்லச் சொன்னாள். கண் மங்கல் வரைக்கும் சொன்னேன். அவள் மாட்டின் வாலடிக்குப் போய் மயிரை விலக்கிப் பார்த்தாள். பிறகு கயிற்றைச் சுருட்டி மாட்டின் தலையைச் சந்தைப் பக்கமாகத் திருப்பினாள்.

"அந்த அக்கா ஆத்தூர் பஸ்ஸுக்கு நிக்கும். வேகமா நட."

எனக்கு அப்போதுதான் என்ன நடக்கிறது என்று புரிந்தது. திருப்பிக் கொடுக்கப் போகிறாள். மாடு போனால் நாளை வெள்ளிக்கிழமை. ரோட்டில் உட்கார்ந்து அழுதேன். என்னை விட அந்தப் பொம்பளைதான் உனக்குப் பெரிசா என்று கேட்டேன். அம்மா கன்றைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். கன்று போனால் தாய் போகும், தாய் போனால் நான் போகவேண்டும். நானும் கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். மேல் மூச்சு கீழ் மூச்சு வாங்க, தோளில் கன்றோடு, நேரே பார்த்துக்கொண்டு போன அந்த நடை. அன்றைக்கு எனக்கு அது கல் நெஞ்சாகத் தெரிந்தது.

ஆத்தூர்க்காரி பஸ் நிற்கும் ஆலமரத்தடியில் மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தாள். எங்களையும் மாட்டையும் கண்டதும் எழுந்து நின்றுவிட்டாள். பக்கத்து டீக்கடையில் பாய் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

அவள் முந்திக்கொண்டு, கொடுத்ததைத் திருப்பி வாங்க மாட்டேன், பணத்தை மகனுக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு ஆளிடம் அனுப்பிவிட்டேன் என்றாள். அம்மா கன்றை இறக்கிவிட்டாள்.

"பணம் கேட்டு வரல அக்கா. மாட்டுக்கு எந்தச் சுழியும் இல்ல. எம்மக பொய் சொல்லிருக்கு. எனக்குக் கண்ணும் மங்கல் இல்ல. மாட்ட நீ புடிச்சுக்கிறதுன்னா புடிச்சுக்க, பணம் பெறகு மகன் குடுத்து விடட்டும். இல்ல, எங்கிட்ட இன்னும் ரெண்டு வெரலு இருக்கு, இந்தா. நீ கேட்டதுக்கு அதுக்கு மேலயும் ரெண்டு கொறையும். அது எங்கிட்ட இல்ல."

முடிச்சை அவிழ்த்து நீட்டினாள். அந்தப் பெண் அதை வாங்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் அம்மாவின் பின்னால் ஒளிந்தேன்.

"சுழி இல்லன்னு எனக்குத் தெரியாதா தாயி? அந்த வாலடிய நான் தேய்க்காத நாளு இல்ல. இந்தப் புள்ள நாக்க மடிச்சுப் பொய் சொல்லயில எனக்கு என் பொய்தேன் ஞாவகம் வந்துச்சு."

பிறகு மூட்டையின் மேல் மறுபடி உட்கார்ந்துகொண்டு, தரையைப் பார்த்துச் சொன்னாள். அந்த மாடு ஆள் மாறினால் பாலை எக்கிக்கொள்ளும். அவள் கைக்கு மட்டும்தான் இறங்கும். இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒருவன் பிடித்துப் போய், ஒரு சொட்டுகூட இறங்காமல் மறுநாளே இழுத்துக்கொண்டு வந்துவிட்டான். இந்தச் சந்தையில் தள்ளாவிட்டால் மலைக்குப் போக முடியாது. அதனால்தான் அம்மாவைக் கறக்க விடவில்லை. சின்னப் பிள்ளை ஒரு பொய்யைச் சொல்லி ஆரம்பித்து வைத்ததும், இதுதான் சாக்கு என்று விலையை இறக்கித் தலையில் கட்டிவிட்டாள். நாங்கள் ரோட்டில் திரும்பி வருவதைப் பார்த்ததும் மாடு எக்கியதைத்தான் கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைத்தாளாம்.

அதற்குப் பிறகு நடந்த பேரம் மாதிரி ஒன்றை இதுவரை நான் எங்கேயும் பார்த்ததில்லை. அம்மா இரண்டு விரலையும் வாங்கிக்கொள் என்கிறாள். அவள் வேண்டாம், எக்குகிற மாட்டுக்கு இது போதும், இன்னும் ஒரு விரல் நானே தரவேண்டும் என்கிறாள். அம்மா, மாடு நல்ல மாடு, மடி நல்ல மடி என்கிறாள். அவள், மாடு பிடிவாதக்காரி, உனக்குத் தெரியாது என்கிறாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். பாய் கிளாஸை வைத்துவிட்டு ஓடி வந்தார்.

"ஏத்தா, முப்பது வருசமா துண்டு போடுறேன். விக்கிறவ மாட்ட வையிறதும் வாங்க வந்தவ தூக்கி வச்சுப் பேசுறதும் இன்னைக்குத்தேன் பாக்குறேன். ரெண்டு பேரும் இடம் மாறி நில்லுங்க, எனக்குத் தல சுத்துது."

சொல்லிவிட்டுத் துண்டைக் கையில் போட்டார். என் கை மறுபடி உள்ளே போனது. இந்தத் தடவை அழுது நனைந்த கை. ஒரு விரலில் முடிந்தது. அம்மா ஒரு விரல் கூடக் கொடுத்தாள், ஒரு விரல் அம்மாவிடம் நின்றது. பாய் இருவரிடமும் தரகு கேட்டார். ஏற்கெனவே வாங்கினீர்களே என்றதற்கு, இது வேறு பேரம், முதல் பேரத்தில் நான் இரண்டு பொய்க்குத் தரகு பார்த்திருக்கிறேன், அதை எந்தக் கணக்கில் வைப்பது என்றார். பிறகு வாங்காமலே போய்விட்டார்.

பஸ் வருகிற சத்தம் கேட்டதும் ஆத்தூர்க்காரி மூட்டையிலிருந்து அந்த ஊதாக் கட்டச் சேலையை எடுத்தாள். கறக்கும்போது கட்டுகிற சேலை அதுதான், மாட்டுக்கு அந்த வாசம் வேண்டும் என்றாள். துவைக்கக் கூடாது. ஒரே கைதான் கறக்கவேண்டும். கையை மாற்றினால் மறுபடி எக்கும். வீட்டில் யார் கறப்பது என்று கேட்டாள். அம்மா, நான் இருட்டோடு வேலைக்குப் போகிறவள், சாயங்காலமும் நேரத்துக்கு வர முடியாது என்று இழுத்தாள்.

"அப்ப இந்தா, பொய்க்காரி இருக்காளே. இவ கறக்கட்டும்."

சேலையை என் கழுத்தில் போட்டுவிட்டு, மாட்டின் நெற்றியில் ஒரு முறை கையை வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறினாள்.

அன்று சாயங்காலம் அந்தச் சேலையை நாலு சுற்று சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். புகையிலை, புளித்த பால், வேறொருத்தியின் வேர்வை. அய்யா கட்டிலிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிழைக்கத் தெரியாதவளைக் கட்டிக்கொண்டேன், கிடைத்த லாபத்தைத் திருப்பிக் கொடுத்துக் குறையையும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள் என்று அதற்கு முன்புதான் கத்தி முடித்திருந்தார். முதலில் ஒன்றும் இறங்கவில்லை. மாடு என்னைத் திரும்பிப் பார்த்தது, சேலையை முகர்ந்தது, பெருமூச்சு விட்டது. பிறகு சொம்பின் அடியில் சர் என்று ஒரு சத்தம். அய்யா தலையைக் கீழே வைத்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை.

மறுநாள் அத்தை பையோடு வந்தாள். மாடு ஆள் மாறினால் எக்கும், இவள் கை இல்லாவிட்டால் பால் இல்லை, அதனால் அனுப்ப முடியாது என்று அம்மா உள்ளதைச் சொன்னாள். அத்தை நம்பவில்லை. மகளை விட மனசு இல்லாமல் மாட்டின் மேல் பழி போடுகிறாள் என்றாள். நீங்களே கறந்து பாருங்கள் மதினி என்று அம்மா சொம்பைக் கொடுத்தாள். அத்தை உட்கார்ந்தாள். மாடு ஒரே உதை. சொம்பு ஒரு பக்கம், அத்தை ஒரு பக்கம். அதற்குப் பிறகும் அவள் நம்பவில்லை. உதைக்கப் பழக்கியிருக்கிறார்கள் என்று மதுரை வரைக்கும் சொல்லிக்கொண்டு போனாள். சாகிறவரை எங்கள் சொந்தத்தில் அம்மாவுக்கு அவள் வைத்த பெயர் புளுகுணி. அம்மாவை யாராவது பொய்க்காரி என்று சொன்னார்கள் என்றால், அது அவள் உண்மை சொன்ன அந்த ஒரு தடவைக்குத்தான். அம்மா அதைத் திருத்தப் போகவில்லை.

நாங்கள் திரும்பிப் போகாமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மாடு எக்கியிருக்கும். ஏன் என்று தெரிந்திருக்காது. சேலை இல்லை. வெள்ளிக்கிழமை நான் மதுரைக்குப் போயிருப்பேன். என்னை அனுப்புவதற்கு நடந்த நடை என்று நான் அழுதேனே, அந்த நடைதான் என்னை வீட்டில் வைத்தது. ஆனால் இதைச் சொல்லி அம்மாவைப் பெருமைப்படுத்தினால் அது சரியில்லை. அவள் அந்தக் கணக்குப் போட்டுத் திரும்பி நடக்கவில்லை. கன்றைத் தோளில் தூக்கியபோது மாடு போய்விடும் என்றுதான் அவளுக்கும் தெரியும்.

செவலை எங்கள் வீட்டில் ஆறு ஈத்து ஈன்றது. சேலை நைந்து, கிழிந்து, கடைசியில் கையகலத் துண்டாக என் தோளில் கிடந்தது. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காருகிற பிள்ளைகள் மூக்கைப் பிடித்தார்கள். மூன்றாம் வகுப்போடு நின்றதற்கு மாடும் ஒரு காரணம், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மாடு செத்த பிறகு அந்தத் துண்டு எங்கே போனது என்று தெரியவில்லை. ஆத்தூர்க்காரியை மறுபடி பார்க்கவே இல்லை. அவள் பேர்கூடக் கேட்டுவைக்கவில்லை.

அம்மா கடைசி நாலு வருஷம் திண்டுக்கல்லில் என்னோடுதான் இருந்தாள். கத்தரிக்காய் வண்டி வாசலுக்கு வந்தால் நான் சொத்தை, முத்தல் என்று ஆரம்பிப்பேன். அவள் உள்ளேயிருந்து இருமுவாள். நான் வாயை மூடிக்கொள்வேன். அப்படி ஒரு நாள், அவள் முறத்தில் அரிசிக்குக் கல் பார்த்துக்கொண்டிருந்தபோது, அறுபது வருஷத்துக்குப் பக்கமாக என் நெஞ்சில் கிடந்ததைக் கேட்டேன்.

"அந்தம்மா அன்னைக்கு பஸ் ஏறிப் போயிருந்தா என்னம்மா செஞ்சிருப்ப?"

"ஆத்தூருக்கு நடந்திருப்பேன்."

"மாட்டத் திருப்பி வாங்கிக்கிட்டிருந்தா?"

"நீ மதுரைக்குப் போயிருப்ப."

யோசிக்கக்கூட இல்லை. கல்லைப் பொறுக்கி வெளியே போட்ட கை நிற்கவில்லை. பெற்ற மகளிடம் ஒரு ஆறுதலுக்காவது இல்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்கு ஒன்பது வயதுக் கோபம் அப்படியே திரும்ப வந்தது. எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். உலை கொதித்து, அரிசி கேட்க நான் திரும்பி வந்தபோது, முறத்தை என் கையில் கொடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறவள் மாதிரிச் சொன்னாள்.

"அந்தப் பெரிய வீட்டுத் திண்ணையில நானும் வந்து படுத்திருப்பேன். அவுக வெரட்டுற வரைக்கும்."